நெகிழிக் காலம்

சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் பிணைந்து உருவாகும் செயற்கைப் பலபடிகளும், அவற்றையே உறையாகக் கொண்டு உலகைச் சுற்றியோடும் தொலைத்தொடர்பு வலையும் அன்றாட வாழ்வில் ஊன்றிவிட்ட இருபதாம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய ஆண்டுகளையும் இரும்புக் காலத்துக்கு அடுத்ததாக வைத்துச் சிலர் சுட்டும் பெயர் நெகிழிக் காலம். இது முறைப்படி ஏற்கப்பட்ட பெயரன்று.

பொருளைக் கொண்டு காலத்துக்குப் பெயரிடும் முறையை நிலைநிறுத்தியவர் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தை நடத்திய கிறிஸ்தியன் தாம்சன். ஒரே புதைகுழியில் கிடைத்தவற்றைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்து ஒப்பிட்ட அவர், 1836இல் வெளியான கையேட்டில் கல், வெண்கலம், இரும்பு என மூன்று காலங்களை வகுத்தார். டென்மார்க்கின் மண்ணுக்குப் பொருந்திய இப்பகுப்பு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த தென்னிந்தியாவில், கற்காலத்தை அடுத்துத் தனி வெண்கலக் காலம் என ஒன்றைப் பிரித்துக் காட்ட இயலாமல், இரும்பே வந்துவிடுகிறது.

முற்றிலும் செயற்கையான முதல் நெகிழியான பேக்கலைட்டை லியோ பேக்லண்டு 1907இல் உருவாக்கினார். மின்சாரத்தைக் கடத்தாத அப்பொருள் சுவிட்சுகளாகவும் தொலைபேசிக் கருவிகளாகவும் வீடுகளுக்குள் நுழைந்தது. 1941இல் யார்ஸ்லி, கசென்ஸ் என்னும் வேதியியலார் இருவர், பிறந்தது முதல் சவப்பெட்டி வரை நெகிழி சூழ வாழும் மனிதனைத் தம் நூலில் கற்பனை செய்தனர்.

நெகிழியும் தொலைத்தொடர்பும் இருவேறு வரலாறுகள் என்று கருதுவது மேம்போக்கான பார்வை. 1866இல் அட்லாண்டிக்கின் அடியில் இடப்பட்ட தந்திக் கம்பிவடத்துக்குக் கடல்நீர் புகாத உறையாக இருந்தது, மலாய்க் காடுகளின் மரப்பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சா. 1933இல் இங்கிலாந்தில், உயரழுத்தச் சோதனையொன்றில் எதிர்பாராமல் வெண்மெழுகு போன்ற படிவாகக் கிடைத்த பாலிஎத்திலீன் என்னும் நெகிழி பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது. 1956இல் அதே கடலைக் கடந்து, ஒரே நேரத்தில் 36 உரையாடல்களைச் சுமந்த முதல் தொலைபேசி வடத்துக்கு அதுவே உறை. 1988இல் ஒளியிழை வந்தபோதும் உள்ளே செய்தியைச் சுமந்த செம்புதான் கண்ணாடியாக மாறியதே தவிர, நெகிழி உறை நீங்கவில்லை.

நெகிழியின் தடம் கல்லிலும் பதிந்துள்ளது: ஹவாயின் கமிலோ கடற்கரையில் உருகிய நெகிழி மணலையும் எரிமலைக்கல் துண்டுகளையும் பவளத்தையும் பற்றி இறுகிய கட்டிகளை 2014இல் ஆய்வாளர்கள் புதுவகைக் கல்லாக விவரித்தனர். எனினும், மனிதச் செயலால் மாறிய புவிக்காலத்துக்கு ‘மனிதயுகம்’ எனப் பெயரிடும் முன்மொழிவை நிலவியலார் 2024இல் நிராகரித்தனர். அம்முன்மொழிவிலும் முதன்மை அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது நெகிழியன்று, அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற புளூட்டோனியம்.