சாயத் தலைக்குத் தேங்காய் எண்ணெய்

தலைக்குச் சாயம் பூசுவோர் நம் அடுக்ககத்தில் நிறைய. முதல் நாளே தேங்காய் எண்ணெய் வைப்பவர்களும் உண்டு. அதற்குச் சான்று இருக்கிறதா?

பாரிஸில் யூஜின் ஷூலர் 1907-இல் செயற்கைச் சாயம் தயாரித்து முடிதிருத்தகங்களுக்கு விற்றார். அதுவே லோரியால் ஆனது. இன்றைய சாயங்களில் அம்மோனியா முடியின் செதில்களை விரிக்கும், பெராக்சைடு உள்ளே போய் இயற்கை நிறத்தை வெளுக்கும். அதில் முடியின் புரதமும் தளர்ந்து, ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் கழன்று போகும்.

மும்பையில் ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மொஹிலே இருவரும் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டு 2003-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ப்ளீச் செய்த முடியிலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, முடிக்குள் புகுந்துவிடும். ஆய்வு நடந்தது பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் நல்லெண்ணெயை அதில் சேர்க்காதது எனக்குக் குறைதான்!

ஒன்று கவனியுங்கள்: அவர்கள் எண்ணெய் தடவியது தலை அலசுவதற்கு முன்னும் பின்னும், சாயம் பூசுவதற்கு முன் அல்ல. ஆகவே சாயம் பூசியபின், ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் முந்தின இரவு எண்ணெய் வைப்பதற்குத்தான் இந்த ஆய்வு துணை நிற்கிறது. சாயத்திலுள்ள பி.பி.டி. தரும் ஒவ்வாமையை எண்ணெய் தடுக்காது. காதுக்குப் பின்னால் துளி சாயம் தொட்டு வைத்து, 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.