சேலம் மிட்டாக்கள்: நிலம் வாங்கியோரும் அவர்தம் பணித்துணையும்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்தது தம்மம்பட்டி. அவ்வூர்ப் பக்கத்தினின்று எம்மிடம் தமிழ் பயின்று சென்ற மாணவர் ஒருவர், நண்பர் இருவரைக் கூட்டாளியாகக் கொண்டு நிலம் வாங்கி மனையாகப் பிரித்து விற்கும் தொழிலில் இறங்க எண்ணினார். முதல் திரண்டுவிட்டது; முதலில் எவரைப் பணிக்கு அமர்த்துவது என்பதே தமக்கு விளங்காத ஒன்று என எம்மிடம் வினவினார். இலக்கிய ஆசிரியனிடம் வினவத்தக்க வினா அன்று இது. எனினும், அவர் நிற்கும் மண்ணிலேயே இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இவ்வினா எழுந்து, அதற்கு விடை காணாதார் பலர் தம் நிலத்தை இழந்த வரலாறு உண்டு. அதுவே சேலம் மிட்டாக்களின் வரலாறு. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

1. சொற்கள் உணர்த்துவன

மிட்டா என்பது, அரசுக்கு ஆண்டுதோறும் இறுக்கவேண்டிய ஒரு தொகைக்குள் அடக்கப்பெற்ற ஊர்களின் தொகுதியாகும். அதனை உடையவர் மிட்டாதார். ‘தார்’ என்னும் ஈறு பாரசீகம். உடையவர் எனப் பொருள்படும். மிட்டாதார் தவணையாகச் செலுத்திய கிஸ்து, அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆண்டுக் கணக்கு முடிவாகிய சமாபந்தியும், குடிகள் எழுதிக்கொடுத்த முச்சலிக்கையும் அயன்மொழிச் சொற்களே. ஆனால், ஊரிற் பணிசெய்தாரைக் குறிக்கும் பெயர்களை நோக்குமிடத்து நிலைமை வேறாகின்றது. ஊர்க்கணக்கன், வெட்டி, தலையாரி முதலியோரின் பெயர்களோ அவர்தம் பணிகளோ இடைக்காலக் கல்வெட்டுக்களிலேயே காணப்படுவன. கர்ணம் என்பதும் சோழர் கல்வெட்டுக்களில் ஓலை எழுதும் ‘கரணத்தான்’ என்பானை நினைவூட்டும்.

உரிமையையும் வரியையும் சுட்டிய சொற்கள் ஆட்சி மாறுந்தோறும் மாறின. ஊர்ப்பணியைச் சுட்டிய சொற்களோ பெரும்பாலும் நிலைத்தன. நிலத்துக்குரியவர் மாறினும் நிலத்தை அறிந்தவர் மாறவில்லை என்பது இதனாற் போதரும். இவ்வுண்மையைக் கருதாது நிலம் வாங்கியோர்க்கு நேர்ந்ததே கீழே கூறப்படுவது.

2. ரீடு துரையின் முன்னேற்பாடு

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் ஆங்கிலக் கும்பினியார்க்கு விட்டுக்கொடுத்தார். படைத்தலைவர் அலெக்சாந்தர் ரீடு அப்பகுதியின் ஆட்சியை ஏற்றார். தாமசு மன்றோ, கிரகாம், மக்லியாடு ஆகிய மூவர் அவர்க்குத் துணைவராயினர். நால்வரும் படைத்துறையினரே, வருவாய்த்துறைப் பயிற்சி உடையவரல்லர்.

எனினும் அவர்கள் தீர்வையை முதலில் விதித்துவிட்டுப் பின்னர் ஆள் தேடவில்லை. ஊர் ஊராகப் புலம் புலமாக அளக்க முற்பட்டனர். அளவர்களைக் கொண்டும் ஊர்க்கணக்கரைக் கொண்டும் நிலத்தின் பரப்பையும் தன்மையையும் எழுதுவித்தனர். இவ்வேலைக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சென்றன. 1796ஆம் ஆண்டின் இறுதியில் ரீடு வெளியிட்ட அறிக்கை, குடியானவர் தாம் விரும்பிய நிலத்தை ஆண்டுதோறும் வைத்துக்கொள்ளவும் விட்டுவிடவும் இடந்தந்தது. பின்னாளில் இரயத்துவாரி எனப் புகழ்பெற்ற முறைக்கு இதுவே நாற்றங்கால். ரீடு விதித்த தீர்வை மிகையானது என்னும் குறை உண்டு, அக்குறை உண்மையே. ஆயினும் நிலத்தைப் பற்றிய அறிவைத் தேடிக்கொள்ளும் ஓர் அமைப்பை அவர் முன்னதாகவே ஏற்படுத்தினார் என்பதை மறுத்தற்கில்லை.

3. ஏலத்தில் எடுத்த நிலம்

இம்முறை நீடிக்கவில்லை. வங்காளத்தில் 1793இல் நிறுவப்பெற்ற நிலையான தீர்வை முறையைச் சென்னை மாகாணத்திலும் பரப்புமாறு மேலிடத்தார் பணித்தனர். 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குச் சட்டம் அதற்கு வழிசெய்தது. பழைய பாளையக்காரரும் சமீன்தார்களும் இல்லாத இடங்களில், அரசின் நேராட்சியிலிருந்த ஊர்களை ஆண்டுக்கு 1,000 முதல் 5,000 நட்சத்திர வராகன் வரை வருவாய் தரும் தொகுதிகளாக வகுத்து ஏலத்தில் விற்றனர். ஒரு வராகன் மூன்றரை உரூபாய் மதிப்புடையதாகலின், சிறிய மிட்டா 3,500 உரூபாயும் பெரிய மிட்டா 17,500 உரூபாயும் அரசுக்கு இறுக்கவேண்டியதாயிற்று. நிலக்கிழாரே இல்லாத இடத்தில் நிலக்கிழாரைச் சட்டத்தாற் படைத்த செயல் இது எனின் மிகையாகாது.

ஏலத்தில் எடுத்தோர் பலர் போட்டியினால் உந்தப்பட்டனர். கைமுதல் போதாதாரும் அவருள் இருந்தனர். வாங்கிய நிலத்தின் பரப்பை ஏட்டில் கண்டனரேயன்றி, எவ்வேரி உடைந்துகிடந்தது, எப்புன்செய் தரிசாயிற்று, எக்குடி ஊரைவிட்டுப் பெயர்ந்தது என்பவற்றைக் கண்டாரல்லர். கிஸ்துக்குத் தவணை உண்டு. மழைக்குத் தவணை இல்லை. நிலுவை நேர்ந்தவிடத்து நிலத்தையே விற்று ஈடுசெய்துகொள்ளச் சட்டம் அரசுக்கு இடந்தந்தது. எனவே சில ஆண்டுகளுக்குள்ளாகவே மிட்டாக்கள் பல கைமாறின. மீண்டும் எடுப்பாரின்றி அரசிடமே வந்தனவும் உள. அவை பின்னர் இரயத்துவாரி ஊர்களாயின. 1812இல் ஆங்கிலப் பாராளுமன்றக் குழுவினர் வெளியிட்ட ஐந்தாம் அறிக்கையும் இவ்வேல மிட்டாக்களின் வீழ்ச்சியைப் பேசுகின்றது.

4. மிட்டாதாருக்கு வாய்த்த பணித்துணை

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் தீர்வை மிகையே என்பர் வரலாற்றாசிரியர். அது தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அஃதொன்றே காரணமாயின் மிட்டாக்கள் யாவும் ஒருங்கே வீழ்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை, சில இருபதாம் நூற்றாண்டு வரை நிலைத்தன. ஆதலின் பணித்துணை என்னும் மற்றொரு காரணத்தையும் உடன்வைத்து எண்ணுதல் தகும் என்பது எம் கருத்து.

மிட்டாவை ஆளுதற்கு வேண்டிய துணைவர் யாவர்? கணக்கைக் காக்கக் கர்ணம். குடிகளையும் சாகுபடியையும் நடத்த மணியக்காரர். வாய்க்காலும் மடையும் பார்க்க நீர்க்கட்டி. எல்லையையும் களத்தையும் காக்கத் தலையாரி. கிஸ்தைத் திரட்ட மிட்டாதாரின் சொந்தத் தண்டற்காரர். நீதிமன்றத்தில் நின்று பேச வழக்கறிவுடைய ஒருவர். இவருள் இறுதியிற் கூறிய இருவரே மிட்டாதார் தாமே தேடிக்கொண்டவர். ஏனையோர் நிலத்தோடு ஒட்டி வந்தவர்.

இவற்றுள் கர்ணத்தின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 1802ஆம் ஆண்டின் 29ஆம் ஒழுங்குச் சட்டம், கர்ணத்தை அமர்த்தும் உரிமையைப் பெயரளவில் நிலக்கிழார்க்கு அளித்தது. விலக்கும் உரிமையையோ அளிக்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்பாலன்றிக் கர்ணத்தை நீக்கலாகாது. பதவியும் வழிவழியாக வருவது. புதிதாக நிலம் வாங்கியவர்க்கு அமைந்த தலைமைக் கணக்கர், அவர் தேர்ந்தவருமல்லர், அவரால் நீக்கத்தக்கவருமல்லர். இச்சட்டத்தின் நோக்கம் தீயதன்று. நிலக்கிழாரின் விருப்பத்துக்கேற்பக் கணக்கு மாறுமாயின் குடிகள் எவரிடம் முறையிடுவர்? கணக்கு எவர்க்கும் பொதுவாக நிற்றல் வேண்டும் என்றே சட்டம் செய்தோர் கருதினர். ஆனால் கர்ணத்தின் நன்மதிப்பைப் பெறாத மிட்டாதார், தம் நிலத்தின் உண்மைக் கணக்கை அறியாத அயலாராகவே நின்றார்.

குடிகளும் வெறுங்கையரல்லர். அதே ஆண்டின் 30ஆம் ஒழுங்குச் சட்டம், குடிகளுக்குப் பட்டா எழுதித் தருதலை நிலக்கிழாரின் கடமையாக்கியது. தீர்வை வீதம் பற்றி வழக்கெழுமிடத்து, நிலையான தீர்வை ஏற்படுதற்கு முந்திய ஆண்டில் வழங்கிய வீதமே அளவுகோலாயிற்று. குடிகளை ஒறுத்து ஏல விலையை ஈட்டிவிடலாம் என எண்ணியோர்க்குச் சட்டம் ஒருபுறமும், ஊரைவிட்டுப் பெயரும் குடிகளின் கால்கள் மறுபுறமும் தடையாயின. உழுவார் அகன்ற நிலம் விலையற்றதாகும் என்பதைப் பலர் காலம் கடந்தே உணர்ந்தனர்.

நிலைத்த நிலக்கிழமைகளுள் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் சமீன் யாவரும் அறிந்தது. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பி. சுப்பராயன் அக்குடியினர். ஊரில் வேரூன்றிய குடியினர்க்கு ஊர்ப்பணியாளர் அயலாராகார். ஏலத்தின் மறுநாள் ஊர்க்குள் நுழைந்தவர்க்கு யாவரும் அயலாரே.

5. ஓர் ஒப்புநோக்கு

ஆளைத் தேர்ந்து பயிற்றிய பின் முதலை இறக்கிய ஒரு கூட்டத்தாரை இங்கு ஒப்புநோக்குதல் பயன்தரும். பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், கடைதோறும் படிப்படியான பணியமைப்பை வைத்திருந்தனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கும் கடிதமும் கற்று அடுத்தாளாவான். பின்னர் மேலாளாகிக் கடையையே நடத்துவான். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு, சம்பளம் முன்னரே பேசி எழுதப்படும், ஆதாயத்திலும் பங்குண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் அடியிலிருந்து பயின்றனர். பர்மா வங்கி விசாரணைக் குழு 1929–30இல் ஆய்ந்தபொழுது, இத்தகைய கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன. அவற்றில் இயங்கிய முதல் 75 கோடி உரூபாய் என மதிப்பிடப்பெற்றது.

இத்துணைச் சிறந்த அமைப்பும் ஓரிடத்தில் இடறியது. 1930இல் நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பாமையால் ஈடுவைத்த நிலங்கள் கடைகளுக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1930க்கும் 1940க்கும் இடைப்பட்ட காலத்தில் நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவ்வமைப்பு கடன் கொடுத்து வாங்கக் கட்டப்பெற்றது, பயிரிடுவிக்கக் கட்டப்பெற்றதன்று. நிலமிழந்த பர்மியக் குடிகளின் உள்ளக்கொதிப்பும் வளர்ந்தது. 1942இல் போரால் பலர் ஊர் திரும்பினர். 1948இல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. மிட்டாதார் நிலத்தைப் பெற்றும் ஆளைப் பெறாது கெட்டனர்; நகரத்தார் ஆளைப் பெற்றிருந்தும், தமக்கு ஏலாத நிலம் தம்மேல் விழுந்தமையாற் கெட்டனர். பணித்துணை சிறந்ததாயிருத்தல் மட்டும் போதாது. எடுத்த வினைக்கு ஏற்றதாயும் இருத்தல் வேண்டும் என்க.

6. முடிபு

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்துவினையாடல் வைக்கப்பெற்றுள்ளது. ஆளை ஆராய்ந்து தேறுதல் முன்னது. தேறியவரை அவர்க்கேற்ற வினையில் அமர்த்துதல் பின்னது. 1802ஐ அடுத்துச் சேலம் நாட்டில் நிலம் வாங்கிய பலர்க்கு முன்னதற்கு வாய்ப்பே அமையவில்லை. ஆதலின் பின்னது பயன்படவில்லை.

இன்று நிலைமை பல வகையில் மாறியுள்ளது. சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் சமீன்களையும் மிட்டாக்களையும் ஒழித்தது. வழிவழியாக வந்த கர்ணம், மணியம் பதவிகள் தமிழ்நாட்டில் 1980இல் நீக்கப்பெற்றன. கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் அமர்ந்தனர். கூட்டாகத் தொழில் செய்வார்க்கு 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் உண்டு. அதன்படி பதிவு பெறாத கூட்டுநிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காகப் பிறர்மேல் வழக்கிடல் இயலாது. மனைவணிகத்தை நெறிப்படுத்த 2016இல் வந்த நடுவணரசின் சட்டம், தன்கீழ்ப் பதிவாகும் திட்டத்தில் மனை வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கை அத்திட்டத்துக்கே உரிய தனிக்கணக்கில் வைக்குமாறு பணிக்கின்றது. ஏலத்தில் எடுத்த மிட்டாதார்க்கு இல்லாத வாய்ப்பொன்று இன்றைய புதியவர்க்கு உண்டு: கணக்கரையும், நில அளவரையும், ஆவணங்களையும் வில்லங்கத்தையும் படித்துரைக்கும் வழக்கறிஞரையும் நிலம் வாங்குதற்கு முன்னரே தாமே தேர்ந்துகொள்ளலாம். இவ்வாய்ப்பை விலைபேசிய பின்னர்ப் பயன்படுத்துவோர், மிட்டாதாரின் நிலையைத் தாமே விரும்பி ஏற்றவராவர்.

அம்மாணவர்க்கு யான் கூறிய விடையும் இதுவே. கூட்டாளிகள் மூவரும் தத்தம் முதலையும் பணியையும் பங்கையும் எழுதிப் பதிவு செய்துகொள்க. அளவரையும் வழக்கறிஞரையும் முன்பணம் கொடுக்குமுன் அழைத்துச் செல்க. கணக்கைக் கூட்டாளி மூவரும் காணத்தக்கவாறு ஒருவரிடம் ஒப்புவிக்க. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அந்நிலத்தை இதுகாறும் உழுதவர் யாவர், அவர் இனி எங்குச் செல்வர் என்று ஊரிற் சென்று வினவுக என்றேன். முன்னைய மூன்றற்கும் அவர் உடனே இசைந்தார். நான்காவதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், அதனை வினவவேண்டும் என்று தமக்குத் தோன்றவே இல்லை என்றார்.