எஸ்பெரார்: ஒரே ஸ்பானிஷ் சொல், மூணு அர்த்தம்!

ஸ்பானிஷ் கத்துக்கிறீங்களா? 'எஸ்பெரார்' வந்தா கொஞ்சம் உஷார்! காத்திருப்பது, நம்பிக்கை வைப்பது, எதிர்பார்ப்பது... மூணுக்கும் இந்த ஒரே வினைச்சொல்தான்.

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்னுக்கிட்டு 'எஸ்பேரோ எல் அவுத்தோபூஸ்'னு சொன்னா, 'பஸ்ஸுக்குக் காத்திருக்கேன்'. கடலைக் கொல்லையில நின்னு 'எஸ்பேரோ கே யுவேவா'ன்னா, 'மழை பெய்யும்னு நம்பிக்கிட்டிருக்கேன்'. 'எஸ்தா எஸ்பெராந்தோ உன் பெபே'ன்னா, அந்தப் பெண் கர்ப்பமா இருக்காங்க!

எப்படிக் கண்டுபிடிக்கிறது? பின்னாடி 'கே' வந்தா பெரும்பாலும் நம்பிக்கை. ஆளோ, வண்டியோ சேர்ந்து வந்தா பெரும்பாலும் காத்திருப்பு. மத்ததை, பேசுற சூழ்நிலையே சொல்லிடும்.

'தே எஸ்பேரோ'ன்னு மெசேஜ் வந்திருக்கா? 'உன்னை நம்புறேன்'னு நினைச்சு ஹார்ட்டின் போட்டுட்டு இருந்துடாதீங்க. 'உனக்காகக் காத்திருக்கேன்'னு அர்த்தம். சீக்கிரம் கிளம்புங்க!