லினக்ஸ் ஒரு கேள்வியில்தான் தொடங்கியது

1/ "லினக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு. நமக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. உங்க கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனே லினக்ஸ் கெர்னல் மேலதான் ஓடுது. அது பிறந்த கதை தெரிஞ்சா பாதி பயம் போயிடும். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ 1991, பின்லாந்தின் ஹெல்சிங்கி. லினஸ் டோர்வால்ட்ஸ் 21 வயது கல்லூரி மாணவர். ஜனவரியில் தவணையில் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கி, அதில் மினிக்ஸ் போடுகிறார். இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர, ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் எழுதிய குட்டி இயங்குதளம் அது.

3/ வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு போன் லைனில் இணைய, லினஸ் சொந்தமா ஒரு புரோகிராம் எழுதினார். அப்புறம் பைல் இறக்கணும். அதைச் சேமிக்க டிஸ்க் டிரைவர் வேணும். அப்புறம் பைல் சிஸ்டம். தேவை ஒவ்வொன்றா வர வர, அது ஒரு இயங்குதளமாவே வளர ஆரம்பிச்சது.

4/ ஜூலை 3. மினிக்ஸ் பயனாளர்கள் கூடும் இணையக் குழுவில் லினஸ் ஒரு கேள்வி போடுகிறார்: போசிக்ஸ் தர விதிகள் எங்கே கிடைக்கும்? உலகத்துக்கு லினக்ஸ் பற்றிக் கிடைத்த முதல் தடயமே இந்த உதவிக் கேள்விதான்!

5/ ஆகஸ்ட் 25 அன்று அறிவிப்பு. 'சும்மா பொழுதுபோக்குக்குச் செய்கிறேன், பெரிதாக எல்லாம் வராது' என்ற தொனியில்தான் எழுதினார். கூடவே, மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்றும் கேட்டார். செப்டம்பரில் 0.01 பதிப்பு வந்தது. மொத்தம் சுமார் 10,000 வரிகள். அவர் யோசித்த பெயர் பிரீக்ஸ். சர்வரில் இடம் கொடுத்த ஆரி லெம்கே அந்த போல்டருக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்தது.

6/ அந்த வருடமே ஒரு விபத்து. மோடத்துக்குப் போக வேண்டியது தவறி ஹார்ட் டிஸ்குக்குப் போய், மினிக்ஸ் இருந்த பகுதி காலி. லினஸ் மினிக்ஸை திரும்பப் போடவில்லை. இனி நம்ம லினக்ஸிலேயே வேலை பார்ப்போம் என்று முடிவெடுத்தார்.

7/ எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஜெர்மனியில் ஒருவரிடம் இருந்தது வெறும் 2 எம்பி ரேம். அதில் கம்பைலர் ஓடவில்லை என்று லினஸிடம் கேட்டார். முன்பின் தெரியாத அந்த ஆளுக்காக, கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, ரேம் போதாதபோது டிஸ்கைப் பயன்படுத்தும் வசதியை லினஸ் எழுதினார். 1992 ஜனவரியில் 0.12 பதிப்பில் அது வந்தது. மினிக்ஸில் இல்லாத வசதி என்பதால் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள்.

8/ ஆனா லினக்ஸை இன்ஸ்டால் பண்றது அப்போ பெரும்பாடு. நேற்று திணறியவர்கள் இன்று வருபவர்களுக்காக வழிகாட்டிகள் எழுதினார்கள். 1993-ல் ஸ்லாக்வேர், டெபியன் வந்தன. 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு, 1,76,250 வரிகள்.

9/ இது எங்க வார்டு மாதிரிதான். வென்ஃப்ளான் போட புத்தகம் சொல்லித்தராது. சீனியர் பக்கத்தில் நிற்க, நாமே ஊசியைப் பிடிக்கணும். அடுத்த வருஷம் ஜூனியருக்கு நாம் சொல்லித்தரணும். லினக்ஸில் கூடுதல் வசதி, தப்பாப் போனா யாருக்கும் வலிக்காது. திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

10/ நம்ம ஊரிலும் இந்தச் சங்கிலி உண்டு. சென்னையில் லினக்ஸ் பயனாளர் குழு 1998-லிருந்து இயங்குகிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பரணில் தூங்கும் பழைய லேப்டாப்பை இறக்குங்க. போட்டோ, டாக்குமெண்ட் எல்லாம் முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துடுங்க. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கைத் தொட வேண்டியதில்லை.

11/ சிக்கினா கேளுங்க. ஆனா "வேலை செய்யல"னு மட்டும் சொல்லாதீங்க. அது "டாக்டர், வலிக்குது"னு சொல்ற மாதிரி. எங்கே, எப்போதிலிருந்து, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க? என்ன மாடல், திரையில் வந்த பிழைச்செய்தி என்ன, ஏற்கெனவே என்னென்ன முயற்சி பண்ணீங்க? இதைச் சொன்னா பாதி வைத்தியம் முடிஞ்சது.

12/ சரியானதும் எப்படிச் சரியாச்சுன்னு அங்கேயே ரெண்டு வரி எழுதிடுங்க. அதே இடத்தில் நாளைக்கு இன்னொருத்தர் முட்டி நிப்பார். 2 எம்பி ரேம்காரர் கேட்காம விட்டிருந்தா, 0.12-ல் அந்த வசதி வந்திருக்குமா? கூச்சப்படாம கேளுங்க.