கழுத்தில் தொங்கிய தகரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. தோட்ட வட்டாரத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண்: இவ்வளவுதான் அதில் இருக்கும். துரைமார் ‘டின் டிக்கெட்’ என்றார்கள். கையில் காலணா இல்லாதவரும் அதைக் காட்டிக் கடல் தாண்டலாம். தூத்துக்குடிக் கப்பல், ராகமை முகாமில் போடும் சோறு, மலையேறும் ரயில் எல்லாவற்றுக்கும் இலங்கை அரசு முதலில் செலவழித்துவிட்டு, வில்லையின் எண்ணை வைத்துத் தோட்டத்திடம் வசூலித்துக்கொண்டது.

தனியார் அடித்த உலோகம் பணத்தின் வேலையைச் செய்வது அதற்கு முன்பும் உண்டு. இங்கிலாந்தில் அரசு செப்புச் சில்லறை அடிக்காத 1648–1672 காலத்தில் மளிகைக்காரரும் சத்திரக்காரரும் தங்கள் பெயரும் ஊரும் பொறித்த வில்லைகளைப் புழங்கவிட்டார்கள். இரண்டாம் சார்லஸ் 1672-இல் செப்பு ஃபார்திங் வெளியிட்டதும் அவை மறைந்தன. காப்பிக் காலத்துக் கொழும்பிலும் கம்பெனிகள் இப்படிச் செய்தன. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்தை ஆலை வில்லையில் 1843 என்ற ஆண்டு காணப்படுகிறது. அந்த வில்லைகளுக்கெல்லாம் அடித்தவரே கடன்காரர். கொண்டுவருபவருக்கு அவர் பணம் தர வேண்டும். தகர டிக்கெட்டில் கணக்குத் தலைகீழ். அதைக் காட்டி ஆன செலவு, அணிந்திருந்தவர் தலையிலேயே ஏறியது.

டிக்கெட் அணிந்தவர்கள் புறப்பட்ட சேலம், நாமக்கல் சமவெளி மானாவாரிப் பூமி. 1876–78 பஞ்சத்தின் அடியில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 1871-இல் இருந்த சுமார் 20 லட்சத்திலிருந்து 1881-இல் 16 லட்சமாகச் சரிந்தது. மழை பொய்த்த ஊர்களுக்கு, தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி முன்பணத்தோடு வந்தார். பெரும்பாலும் தெரிந்தவர், சொந்தக்காரர். அதனால்தான் நம்பிப் போனார்கள். முன்பணமும் வழிச்செலவும் கங்காணி பேரில் எழுதப்பட்டு, அவரிடமிருந்து கூலியாட்கள் பேருக்கு இறங்கின. தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். கங்காணியின் கும்பலுக்கு உள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் ஆட்களோடு சேர்ந்து இடம் மாறும்.

துண்டு முறையை இலங்கை அரசு 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தது. 1922-இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின், ஆள் திரட்டும் செலவைத் தொழிலாளியிடம் பிடிக்கும் வழக்கமும் நின்றது. 1939 ஆகஸ்டில் சாதாரணக் கூலிவேலைக்கு இலங்கை செல்வதையே இந்திய அரசு தடை செய்தது.