பெருக்கல் குறி போட்டவருக்குப் படிக்கத் தெரியாதா?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் எழுத்தறிவைப் பற்றிக் கேட்டால் பலரும் திருமணப் பதிவேட்டைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 1840 வாக்கில் மணமகன்களில் மூன்றில் இரண்டு பங்கினரும், மணமகள்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் வெறும் பெருக்கல் குறி. அப்படியானால் குறி போட்டவருக்குப் படிக்கவே தெரியாது என்று சொல்லிடலாமா? முடியாதுங்க. அன்றைய ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் பலவற்றில் வாசிக்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்; ஓய்வு நாளில் எழுதப் பழக்குவது தகாது என்ற எண்ணம் சிலருக்கு இருந்தது. பைபிளை எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் பதிவேட்டில் குறி போட்டிருக்கலாம்.

இங்கேதான் தொழிலாளர்களின் தன்வரலாறுகள் கைகொடுக்கின்றன. டேவிட் வின்சென்ட் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்கு இப்படி 142 தன்வரலாறுகளை எடுத்துக்கொண்டார். எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில், யாரிடம் இரவல் வாங்கிப் படித்தார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் கிடைக்காது, பாருங்கள்.

தாமஸ் கூப்பர் கெயின்ஸ்பரோவில் செருப்புத் தைத்தவர். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்து, ஏழு மணிக்கு வேலை தொடங்கும்வரை படிப்பார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு என்று தானாகவே கற்க முயன்றார். ‘ஹாம்லெட்’ முழுசையும் மனப்பாடம் செய்தார். உடம்பு தாங்குமா? 22 வயது வாக்கில் படுத்துவிட்டார். இதை வைராக்கியத்துக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். பகல் முழுவதையும் வேலை விழுங்கிவிட்டது என்பதற்கான சான்று இது. மெழுகுவத்திக்கும் 1831 வரை வரி இருந்தது. செய்தித்தாள் முத்திரை வரியோ 1815 முதல் 4 பென்ஸ், 1836இல் 1 பென்னி ஆனது, 1855இல்தான் நீங்கியது. அதனால் பலர் காசு சேர்த்து ஒரு தாளை வாங்கினார்கள். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் அரசியல் தெரிந்தது இந்த வழியில்தான்.

தேர்வில் இந்த மூலங்களைக் காட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூப்பரின் நூல் 1872இல் வந்தது. தச்சர் வில்லியம் லவெட்டின் நூல் 1876இல். இருவரும் சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் தலைவர்கள், இருவரும் முதுமையில் எழுதினார்கள். படித்து முன்னேறியவர்கள்தானே தன்வரலாறு எழுதுவார்கள்! பாதியில் விட்டவர்களின் குரல் இதில் கேட்காது. பெண்கள் எழுதியவையும் மிகக் குறைவு. கூப்பரின் தாயார் இளம் வயதிலேயே கணவரை இழந்து, துணிக்குச் சாயமேற்றியும் அட்டைப்பெட்டி செய்து விற்றும் மகனை வளர்த்தார். அந்த அம்மாவின் அன்றாடமும் நமக்கு மகன் எழுதிய அளவில்தான் தெரியும்.