திராட்சைக் கொத்தும் கடைப்பெயரும்

கம்பத்தில் பன்னீர் திராட்சை, போடியில் ஏலக்காய், பள்ளத்தாக்கு நெடுகப் பென்னிகுயிக். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த அந்த ஆங்கிலேயப் பொறியாளரின் மீசை முகத்தைச் சாமி படத்தோடு சேர்த்து மாட்டுகிற ஊர்கள் இவை. கடைப்பலகைக்கான படங்கள் இங்கே பெரிதாக மாறவில்லை. அந்தப் படம் எழுத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதில்தான் பிரஷ்ஷால் எழுதிய போர்டும் ஃபிளக்ஸும் வேறுபடுகின்றன.

போர்டு எழுதும் ஆர்டிஸ்ட் தகரத்துக்கு அடிவண்ணம் கொடுத்து, நூலடித்துக் கோடு போட்டு, சாக்பீஸில் முதலில் பெயரைத்தான் எழுதிப் பார்ப்பார். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. ‘திராட்சை’ என்று எழுதவே பாதிப் பலகை போய்விடும். மிஞ்சிய இடம்தான் படத்துக்கு. எழுத்தின் ஷேடுக்குக் கலக்கிய ஊதாவிலேயே பழத்தின் நிழலையும் தீட்டலாம். கொடியை இழுத்துவந்து ‘சை’யின் சுழியில் முடிக்கலாம். ஒரே கை, ஒரே எனாமல் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று அறிந்தே உருவாகின்றன. பென்னிகுயிக் முகத்தையும் ஆர்டிஸ்ட் நெற்றி, மீசை, கோட்டு என்று சில வண்ணத் திட்டுகளாகச் சுருக்கிவிடுவார். அந்தச் சுருக்கத்தால்தான் எதிர்ச்சாரியிலிருந்தே ஆள் யாரென்று தெரிகிறது.

ஃபிளக்ஸில் வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் ஒரு புகைப்படம் பலகை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. பெயர் அதன்மேல் வந்து உட்காருகிறது. பழங்களுக்கு நடுவே எழுத்து மங்குகிறதென்று வெள்ளை அவுட்லைன், அதுவும் போதாமல் கறுப்பு அவுட்லைன், அதற்கும் மேல் ஒரு ஷேடு. ஆனாலும் ஏலக்காயின் பச்சையைப் புகைப்படம் காட்டுவதுபோல் எனாமல் காட்டாது. காலையில் சொன்னால் மாலையில் கட்டிவிடலாம். சதுர அடிக் கணக்கில் மலிவு. தள்ளுவண்டிக்காரரும் தமக்கென்று ஒரு போர்டு வைக்க முடிந்தது இதனால்தான். அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் கடைப்பலகை படிக்கப்பட வேண்டிய பொருள். ஓரங்குல எழுத்தைப் பத்தடியிலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது பலகைத் தொழிலின் பொதுவான கணக்கு. தேனியிலிருந்து சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஐம்பத்தைந்து அடி கடந்துவிடும். ஃபிளக்ஸின் ஓரத்தில் ஒதுங்கிய மூன்றங்குலப் பெயருக்குக் கிடைப்பது அரை விநாடிக்குச் சற்று மேல். ஓரடி எழுத்துக்கு இரண்டு விநாடிக்கு மேல் கிடைக்கும். சபரிமலை சீசனில் அந்தச் சாலையில் வரும் வெளியூர்க்காரருக்கு எது உதவும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலிவான அச்சில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, பழமெல்லாம் நீலம் பாரித்துப் போகும். எனாமலும் மங்கத்தான் செய்யும், ஆனால் அதன்மேல் மறுபடி தீட்டலாம்.

கடைப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டு விதி. படத்துக்கும் எழுத்துக்குமான விகிதத்தை அது தொடவில்லை. அது கடைக்காரரும் டிசைன் செய்பவரும் பேசி முடிக்க வேண்டியது. பழைய ஆர்டிஸ்டின் வரிசையைக் கணினியிலும் பின்பற்றலாம்: முதலில் பெயர், பிறகு வெறும் நிறத்தில் பின்னணி, மிஞ்சிய மூலையில் ஒரே ஒரு கொத்து. அச்சுக்கூலி ஒரு ரூபாய்கூட அதிகமாகாது.